நூறு கெஜத்துக்குள்

காலையில் ஒரு சிகரெட் பிடித்தால்தான் எனக்கு வயிறு இறங்கும், ஐயா. இருபது வருஷப் பழக்கம். சிரிக்காதீர்கள். நேற்று நடந்தது முழுக்க அதிலிருந்துதான் ஆரம்பம், அதனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் பரந்தாமன். நகராட்சியில் சானிட்டரி இன்ஸ்பெக்டர். மேனாம்பேடு என் பொறுப்பு. இந்தத் தொண்ணூற்றேழு ஜூனில், பள்ளிக்கூடம் திறந்த கையோடு, மன்றத்தில் ஒரு தீர்மானம் போட்டார்கள். பள்ளிக்கு நூறு கெஜத்துக்குள் எந்தக் கடையும் பதினெட்டு வயது ஆகாதவர் கையில் பீடி, சிகரெட், புகையிலை கொடுக்கக் கூடாது. கொடுத்தால் கடையையே அகற்றலாம். கைதூக்கியவர்கள் போண்டா தின்றுவிட்டுப் போய்விட்டார்கள். பசை காய்ச்சி, முப்பத்தொரு கடையில் நோட்டீஸ் ஒட்டியவன் நான்.

ஒட்டினால் யார் மதிக்கிறார்கள்? பால்ராஜ் கடை வாசலில் எட்டாம் வகுப்புப் பையன் பீடி பற்றவைப்பதை என் கண்ணால் பார்த்தேன். நெருப்புக்காகக் கடையில் ஒரு தேங்காய்நார்க் கயிறு தொங்குமே, அதன் கனலும் நுனியைப் பால்ராஜின் உள்ளங்கையில் வைத்து, பத்து எண்ணும்வரை அழுத்திப் பிடித்தேன். பிள்ளையின் நெஞ்சு எப்படி வேகும் என்று அவனுக்குத் தெரிய வேண்டாமா? அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான். அதற்கப்புறம் நான் தெருவில் நடந்தால் கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். பொய் சொல்லக் கூடாது, எனக்கு அது பிடித்திருந்தது.

துலுக்கானத்தின் பெட்டிக்கடை பள்ளி வாசலுக்கு எதிரில், என் வீட்டிலிருந்து நாலாவது வீட்டோரம். தொழிற்பேட்டையில் மெஷினில் இரண்டு விரல் போன பிறகு அவன் வைத்த கடை. பக்கத்திலேயே அவன் மனைவி முனியம்மா இட்லி சுடுவாள். எங்களுக்குள் முன்விரோதம் எதுவும் இல்லை. அவன் கும்பிடுவான், நான் தலையாட்டுவேன்.

நேற்றுக் காலை ஏழு மணிக்குத் தண்ணி லாரி வந்திருந்தது. அவன் கடை முன்னால் குடத்தோடு இருபது பெண்களாவது இருப்பார்கள். அத்தனை பேர் நடுவில் அவன் என் நோட்டீஸை விரலால் தட்டித் தட்டிக் காட்டி என் மானத்தை வாங்கினான். என்ன பேசினான் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். "ஊருக்குத்தாண்டி உபதேசம்" என்று ஒருத்தி எடுத்துக்கொடுக்க, எல்லாரும் சிரித்தார்கள். நான் வாசலில் லுங்கியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மரியாதை போய்விட்டால் நோட்டீஸ் வெறும் காகிதம், ஐயா. நாளைக்கு முப்பத்தொரு கடைக்காரனும் சிரிப்பான்.

ஆபீஸுக்குப் போய், 'சிறார்க்குப் புகையிலை விற்றது' என்று படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பத்து மணிக்கு லாரி, இரண்டு ஆட்கள், ஒரு கடப்பாரை. ஆட்கள் பலகையைப் பிரித்தார்கள், மிட்டாய் பாட்டில்களை உடைத்தார்கள். துலுக்கானம் சுவரிலிருந்து நோட்டீஸைக் கிழித்தெடுத்துக்கொண்டு வந்து என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"இன்னா சார் தப்பு பண்ணேன்? நீ ஒட்ன மாறிதான சார் நடந்துகினேன்?"

ஆட்களை டீ குடித்துவிட்டு வரச் சொன்னேன். இந்த வேலையில் அவர்களை இழுத்துவிடுவது நியாயமில்லை. கடப்பாரையை வாங்கிக்கொண்டேன். முதல் அடி, நோட்டீஸ் பிடித்த கையில். மிச்சமிருந்த மூன்று விரலும் நசுங்கின. இரண்டாவது தோளில். உட்கார்ந்துவிட்டான். முனியம்மா என் காலைக் கட்டிக்கொண்டு, "வுட்டுரு சாமி, கடய எட்த்துக்கோ, ஆள வுட்டுரு" என்று கத்தினாள். அவளை உதறினேன். மூன்றாவது தலையில். நான் நினைத்த அளவுக்குச் சத்தம் வரவில்லை. நாலாவதும் அடித்தேன். அது தேவையில்லாததுதான்.

கயிறு இன்னும் கனன்றுகொண்டிருந்தது. கீழே சிதறிக் கிடந்ததில் ரத்தம் படாத சிகரெட் ஒன்றைப் பொறுக்கிப் பற்றவைத்தேன். பிடித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். காலையிலிருந்து அடைத்துக்கொண்டிருந்த வயிறு அப்போதுதான் இறங்கியது. உங்கள் கான்ஸ்டபிள் வந்தபோது நான் கக்கூஸில்தான் இருந்தேன். ஓடி ஒளியவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பிள்ளைக்கு விற்றான் என்றுதானே கேட்கிறீர்கள்? என் மகள் வனஜாவுக்கு. பன்னிரண்டு வயது. நேற்று விற்கவில்லை, அது உண்மைதான். "இத ஒட்னதே உங்கப்பாதான் பாப்பா. உன் கையில குடுக்க மாட்டேன், அவரயே வரச் சொல்லு" என்றுதான் அத்தனை பேர் முன்னால் சொன்னான். "எனக்கு இன்னும் பதினெட்டு ஆகலையாம்ப்பா" என்று அவள் வெறுங்கையோடு வந்து நின்றாள். மற்ற முப்பது கடையில் எந்தக் கடைக்கு அவளை அனுப்பியிருந்தாலும் கொடுத்திருப்பார்கள்.

ஆனால் அதற்கு முன்னால் நாலு வருஷம், தினமும் காலையில், அவள் கையில் சிகரெட் கொடுத்தவன் அவன்தானே? எட்டு வயதுப் பிள்ளை என்றுகூடப் பார்க்கவில்லையே, பாவி. படிவத்தில் நான் பொய் எழுதவில்லை. விற்றவன் பெயர் கேட்டிருக்கிறது, எழுதினேன். வாங்கிய பிள்ளையின் வயது கேட்டிருக்கிறது, எழுதினேன். அனுப்பியவன் யார் என்று அதில் கேட்கவே இல்லை, ஐயா.