வலது ஷூவுக்குள் மூன்று தகடுகள்

உட்காருங்கள் மேடம். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், தப்பாக நினைக்காதீர்கள். உங்கள் இடது செருப்பின் குதிகால் வெளிப்பக்கமாகத் தேய்ந்திருக்கிறது. பையை எப்போதும் அந்தத் தோளில்தான் மாட்டுவீர்கள் போலிருக்கிறது. முப்பது வருடமாக அளவெடுத்து ஷூ தைக்கிறவள் நான்; எந்த ஆளையும் காலிலிருந்துதான் பார்க்க ஆரம்பிப்பேன்.

என் மகளைப் பற்றிக் கேட்கத்தானே வந்திருக்கிறீர்கள். கேளுங்கள். அவளைப் பற்றிப் பேச எனக்கு வாய் வலித்ததே இல்லை.

முன்பெல்லாம் நான் எப்படி இருந்தேன் என்று இந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மூக்குக்கு மேல் கோபம். பசை சீக்கிரம் காயவில்லை என்றால் பசை டப்பாவோடு சண்டை போடுவேன். என் வீட்டுக்காரர் தூரத்து ஊர்களுக்குப் பேருந்து ஓட்டுகிறவர். வாரத்தில் ஐந்து நாள் வெளியே. மற்றவர்களுக்கு வீட்டில் இருந்தால் விடுமுறை, தனக்கு வண்டியில் ஏறினால் விடுமுறை என்பார். மகளும் லேசுப்பட்டவள் இல்லை. ஓரிடத்தில் நிற்க மாட்டாள். அதனால் அவளுக்குப் பம்பரம் என்றே பெயர் வைத்திருந்தோம்.

எட்டு வயதில் பம்பரம் மாடிப்படியில் உருண்டு வலது தொடை எலும்பை உடைத்துக்கொண்டாள். எலும்பு கூடியது, ஆனால் அந்தக் கால் பன்னிரண்டு மில்லிமீட்டர் குட்டை. வளர்கிற பிள்ளை, எலும்பு தானே எட்டிப் பிடித்துவிடும் என்றார் டாக்டர். அதுவரை வலது ஷூவுக்குள் நான்கு மில்லிமீட்டர் தக்கைத் தகடு மூன்று வைக்க வேண்டும். கால் வளர வளர ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டும். வேறு யாரையும் தேட வேண்டியதில்லை. அம்மாவே ஷூக்காரி.

தினமும் சாயங்காலம் அவளை நடக்க வைக்கச் சொன்னார்கள். தெருமுனை வரை போய்த் திரும்பப் பத்து நிமிடம். எங்களுக்கு நாற்பது நிமிடம். முதல் வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். இரண்டாவது வாரம் ஒரு மூடிய கடையின் முன்னால் அவள் மூச்சு வாங்க நின்றபோது, அந்தக் கடைக்குள் என்ன இருக்கிறது தெரியுமா என்று ஒரு பொய்க்கதையை அவிழ்த்துவிட்டேன். அவள் சிரித்தாள். பிறகு கடைக்கு ஒரு கதை. விசிலடிக்கக் கற்றுக்கொண்டேன் மேடம், நாற்பத்தோரு வயதில். இரட்டைச் சடை பின்னக் கற்றுக்கொண்டேன். வாடிக்கையாளர் ஒருவர் தைத்த ஷூவை மூன்றாம் தடவை திருப்பிக் கொண்டுவந்தபோது, "பரவாயில்லங்க, பிரிச்சுடலாம்" என்று என் வாயிலிருந்தே வந்தது. யார் பேசியது என்று நானே திரும்பிப் பார்த்தேன்.

வீட்டுக்காரருக்குத் தலை கால் புரியவில்லை. "நான் கட்டிக்கிட்ட ஆளு எங்க போச்சு? அந்தம்மாகிட்ட வாயே திறக்க மாட்டேன். இந்தம்மாகிட்ட எதிர்த்துப் பேசக்கூடத் தோணுது" என்றார். பேசியும் பார்த்தார். நான் சிரித்தேன். உள்ளுக்குள் யாரோ ஜன்னல் ஜன்னலாகத் திறந்துகொண்டே போகிற மாதிரி இருந்தது.

மருத்துவமனை மாடியில் சனிக்கிழமை காலையில் இப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர் வட்டமாக உட்கார்ந்து பேசுவோம். இந்தப் பிள்ளையால் நீ என்ன ஆனாய் என்பதுதான் கேள்வி. நான் எழுந்தாலே தலைகள் என் பக்கம் திரும்பும். பொறுமைக்காரம்மா என்று எனக்குப் பட்டம். பிள்ளைக்குச் சரியாகிவிட்டால், அந்தப் பெற்றோர் தங்கள் நாற்காலியை மடித்துச் சுவரோரம் சாத்திவிட்டு விடைபெற வேண்டும் என்பது அங்கே வழக்கம். எல்லோரும் கை தட்டுவார்கள். மடித்துவிட்டுப் போகிறவர்களைப் பார்க்க எனக்கு எப்போதும் கொஞ்சம் பாவமாக இருக்கும்.

இரண்டு வருடத்தில் இரண்டு தகடுகளை எடுத்தாயிற்று. அவளுக்குப் பத்து வயதானபோது டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டார். இரண்டு காலும் சமம், கடைசித் தகட்டையும் எடுத்துவிடுங்கள், இனி வர வேண்டியதில்லை என்றார். சந்தோஷமாக நன்றி சொன்னேன். ஷூவையும் கையில் எடுத்தேன்.

அப்போதுதான் தோன்றியது, நான் பாதிதானே வளர்ந்திருக்கிறேன் என்று. முந்தின நாள்தான் தோல் கொண்டுவந்தவரிடம் குரலை உயர்த்தியிருந்தேன். இன்னும் ஆறு மாதம் கிடைத்தால் கோபம் வேரோடு போய்விடும். ஒரு தாய் அரைகுறையாக நின்றுவிட்டால் யாருக்குக் கஷ்டம்? பிள்ளைக்குத்தானே. அவளை நினைத்துத்தான் அந்தத் தகட்டை விட்டுவைத்தேன். சமமான காலுக்கு அது நான்கு மில்லிமீட்டர் கூடுதல்; அவள் இடப்பக்கம் சாய்ந்து நடந்தாள்.

ஆனால் பாருங்கள், பிள்ளைகளின் உடம்பு எதற்கும் பழகிவிடும். நான்கைந்து மாதத்தில் அவள் அந்தத் தகட்டோடேயே நேராக நடக்க ஆரம்பித்தாள். சாயங்கால நடை கால் மணி நேரத்தில் முடிந்தது. பாதிக் கதை வாயிலேயே நின்றுபோனது. இரண்டாவது தகட்டை வைத்தேன். அடுத்த வருடம் மூன்றாவது. விளிம்பைச் சீவி, மேலே மெல்லிய தோல் ஒட்டி, யாருக்கும் தெரியாதபடி. நான் செய்த வேலைகளிலேயே சுத்தமான வேலை அது. வீட்டுக்குள் போடுகிற செருப்பையும் அதே அளவில் செய்துகொடுத்தேன். எப்போதாவது வெறுங்காலில் நடந்தால் மறுபக்கம் சாய்ந்தாள். "பாத்தியா, அம்மா செஞ்சது இல்லாம உன்னால முடியல" என்றேன். அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

அந்த மாதங்களைப் போல நான் சந்தோஷமாக இருந்ததே இல்லை மேடம். இடுப்பு வலிக்கிறது என்பாள். மருந்து தேய்த்துவிடுவேன், அழுகையைக் கேட்கப் பழகினேன். பள்ளியில் பந்தாட்டக் குழுவுக்கு ஆள் எடுத்தார்கள். "ஓட வேண்டாம்மா, கோல்கிட்ட சும்மா நிக்கிறேன்" என்று ஒரு வாரம் கெஞ்சினாள். மடியில் படுக்கவைத்து, ஆசைப்பட்டது கிடைக்காவிட்டால் எப்படித் தாங்கிக்கொள்வது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன். அதைச் சனிக்கிழமை சொன்னபோது ஒரு அப்பா சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

போன மாதம் மழையில் ஷூ நனைந்து, உலர்த்துவதற்காக உள்ளே இருந்த அட்டையை அவளே உரித்திருக்கிறாள். எட்டு வயதில் நான் வெட்டியபோது பக்கத்தில் உட்கார்ந்து எண்ணியவள் ஆயிற்றே. குறைந்துகொண்டே வந்திருக்க வேண்டியது, பன்னிரண்டு வயதிலும் மூன்று. என்னிடம் கேட்கவில்லை. நேராக அவள் அத்தையிடம், என் நாத்தனாரிடம், போய்விட்டாள். இருவரும் டாக்டரைப் பார்த்துவிட்டுப் பட்டறைக்கு வந்தார்கள். அத்தை தெருவிலேயே நின்றுகொண்டாள். மகள் மட்டும் உள்ளே வந்து, தோல் வெட்டுகிற மேசையில் மூன்று தகடுகளையும் வரிசையாக வைத்தாள்.

"எனக்கு எப்பம்மா சரியாச்சு?"

"பத்து வயசுல."

"அப்பாக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவருக்கு எதுக்கு வீண் கவலை."

என் கைகளைப் பார்த்தாள். "முதுகெலும்பு வளைஞ்சிருச்சாம். முழுசா நிமிருமான்னு டாக்டருக்கே தெரியலையாம்" என்றாள்.

ஆமாம், நான்தான் வைத்தேன். மூன்றையும் நானே வெட்டி, நானே ஒட்டினேன். அதை அப்படியே உங்கள் அறிக்கையில் எழுதிக்கொள்ளுங்கள். அவளிடமும் மறைக்கவில்லை. அவளால் நான் எப்படியெல்லாம் மாறினேன் என்று ஒன்றுவிடாமல் எடுத்துச் சொன்னேன். முடிக்கும் வரை கேட்டாள். தலையைத் தடவக் கையை நீட்டினேன். ஒரு அடி பின்னால் போனாள்.

"இனிமே நீ என்னைத் தொடாதம்மா."

அவ்வளவுதான். வாசற்படியில் இறங்கி, தகடு இல்லாமல் வலப்பக்கம் சாய்ந்து சாய்ந்து அத்தையின் பின்னால் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. பெற்ற தாயிடம் எந்தப் பிள்ளையும் சொல்லக் கூடாத வார்த்தை அது. ஆனாலும் என் மனதைத் துழாவிப் பார்த்தேன். கோபம் ஒரு பொட்டுக்கூட இல்லை. அவளை அந்த இடத்திலேயே மன்னித்துவிட்டேன், மேடம்.