ஒவ்வாமை: எதுவுமில்லை

என் மேஜையில் தூசி இருக்காது, ஐயா. ஆஸ்பத்திரியில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். பேனாவைக்கூட அதற்குரிய இடத்தில்தான் வைப்பேன்.

நோயாளிகளின் விவரங்கள் இருக்கும் டேட்டாபேஸ் என் பொறுப்பு. யாருக்கு எந்த மருந்து ஆகாது என்பதை அதில் ஒரு தனிக் கட்டத்துக்குள், சொல், எண், பட்டியல் என எதையும் ஏற்கும் ஜேசன் என்ற வடிவில் வைத்திருந்தோம். ஒரே மருந்தானாலும் அது பட்டியலாகத்தான் வரவேண்டும், வேறு எப்படி வந்தாலும் உள்ளே விடாதே என்று வாசலிலேயே ஒரு விதி போட்டிருந்தேன். டாக்டர் பார்க்கும் திரைக்குப் பட்டியலை மட்டும்தான் படிக்கத் தெரியும். வேறு எதைக் கொடுத்தாலும் "ஒவ்வாமை: எதுவுமில்லை" என்று காட்டிவிடும்.

மேலாளர் என் மனைவியின் தம்பி. சிபாரிசு செய்து உள்ளே கொண்டுவந்ததே நான்தான். கொஞ்ச நாளில் எனக்கே மேலதிகாரி ஆகிவிட்டான். வரவேற்பில் பதிவு செய்ய அவன் கொண்டுவந்த புதிய செயலி, மருந்தின் பெயரைப் பட்டியலாக இல்லாமல் வெறும் சொல்லாக அனுப்பியது. என் விதி எல்லாவற்றையும் திருப்பி அனுப்பியது. வரவேற்பில் கூட்டம் தேங்கிவிட்டது.

"மாமா, அந்த ரூலைத் தூக்குங்க. என்ன வேணா போட்டுக்கலாம்னுதானே ஜேசனே வச்சிருக்கோம். நீங்க வாட்ச்மேன் வேலைக்குப் போயிருக்கலாம்" என்றான், எல்லோர் முன்னாலும்.

சிரித்தார்கள்.

"சரி மாப்பிள்ளை, தூக்கிடறேன்" என்றேன்.

தூக்கினேன். திரை எப்படிப் படிக்கும் என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கம் எனக்கில்லை. என்றைக்காவது மூக்குடைபட்டு என்னிடம் ஓடிவருவான் என்று காத்திருந்தேன். காலையில் வந்ததும், பட்டியலாக இல்லாத பதிவுகள் எத்தனை சேர்ந்திருக்கின்றன என்று பார்த்துக்கொள்வேன். ஒரு திருப்திதான்.

காய்ச்சலோடு ஒரு தையல்காரப் பெண் வந்தாள். பென்சிலின் ஆகாது என்று வரவேற்பில் அவளே சொல்லியிருக்கிறாள், பதிவும் செய்திருக்கிறார்கள். பிறகு அவள் நினைவில்லாமல் கிடந்தபோது டாக்டர் திரையைப் பார்த்தார், ஊசி போடச் சொன்னார். அவள் பிழைக்கவில்லை. அவளுடைய கணவர் இன்னும் வரவேற்பில் வந்து நிற்கிறார். "சொன்னோமே, எழுதிக்கிட்டாங்களே" என்பதைத் தவிர அவருக்கு வேறு பேச்சில்லை.

பாவம்தான். ஆனால் உத்தரவு போட்டது மாப்பிள்ளை. அவனை வேலையை விட்டு அனுப்பியது நியாயம். இப்படி ஆகும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள்.

விதியை முழுதாகத் தூக்கினேனா என்று கேட்கிறீர்கள். ஒரே ஒரு நோயாளியின் பதிவுக்கு மட்டும் விட்டுவைத்தேன். என் மகளுக்கும் பென்சிலின் ஆகாது.