பதினோராம் நம்பர் வெல்டர்

ஐயோ, எனக்கு இல்ல டாக்டரம்மா. என் கண்ணு ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. முடி கனத்துல விரிசல் இருந்தாலும் பாத்துருவேன், அதுதானே எனக்குப் பொழப்பே. இன்னிக்குப் பதினோரு மணிக்கு உங்ககிட்ட ஒருத்தர் வராருல்ல, டேங்க் செய்யுற கம்பெனியிலேருந்து, வருசா வருசம் பண்ற கண்ணு டெஸ்டுக்கு? வெல்டரு. அவரு எங்க வீட்டுக்காரரு. அவரு வர்றதுக்குள்ள ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போயிரலாம்னு ஓடி வந்தேன்.

இருங்க, மூஞ்சிய அப்படி வச்சுக்காதீங்க. சிபாரிசுக்கு வந்திருக்கேன்னு நினைக்கிறீங்க. பையத் தொறந்து காட்டவா? ஒரு ஆப்பிள்கூட வாங்கிட்டு வரல.

உக்காரட்டுமா? நல்லா இருங்க.

நானும் அங்கதான் வேலை பாக்குறேன். பதினெட்டு வருசமாச்சு. அவரு பத்தவைப்பாரு, நான் சோதிப்பேன். ஆமா, வீட்லயும் அதே கதைதான்.

என்ன டேங்கா? வீட்ல குக்கர் வச்சிருக்கீங்கல்ல? அதையே லாரி நீளத்துக்கு நினைச்சுக்குங்க. ஆவி, காத்து, கேஸு, எதையாவது உள்ள போட்டு அழுத்தி அடைச்சு வைப்பாங்க. அது உள்ளயே இருந்துக்கிட்டு, எங்கடா வழி, எங்கடா வழின்னு தேடிக்கிட்டே இருக்கும். நான் சேந்த புதுசுல ஃபோர்மேனைக் கேட்டேன், ஏன்யா எல்லாத்தையும் உருண்டையாவே செய்யுறீங்க, பெட்டி மாதிரி செஞ்சா அடுக்கி வைக்கத் தோதா இருக்குமேன்னு. அந்த மனுசன் சொன்னாரு, அழுத்தம்ங்கிறது உன் மாமியார் மாதிரிம்மா, வீடு பூரா பளிச்சுன்னு இருந்தாலும் மூலையைத்தான் போய்ப் பாக்கும், மூலையே இல்லாம செஞ்சுட்டா வம்பில்ல பாருன்னாரு. எங்க மாமியாருக்கு அன்னிக்குப் பூரா விக்கல் எடுத்திருக்கும்.

சிரிக்கிறீங்க. சிரிச்சா நல்லாத்தான் இருக்கீங்க.

மொதல்ல தகடு வரும். ரெண்டு விரக்கடை கனம். அதுல ஒரு நம்பர் அடிச்சிருக்கும், எந்த ஆலையில உருக்குனது, எந்த உலையில ஊத்துனதுன்னு அதை வச்சுச் சொல்லிரலாம். ரெண்டா வெட்டினா ரெண்டு துண்டுலயும் அதே நம்பரை அடிச்சாகணும். அப்பா ஆத்தா பேரு தெரியாத தகட்டை எங்க வாசப்படி ஏத்த மாட்டாங்க, அவ்வளவு பவிசு அதுக்கு! பெறகு மூணு உருளை இருக்கிற மெஷின்ல விட்டு, முன்னால பின்னால ஓட்டி ஓட்டி, பாய் சுருட்டுற மாதிரி வட்டமா வளைச்சுருவாங்க. ரெண்டு பக்கத்துக்கும் மூடி வேணும்ல, அது கவுத்தி வச்ச கிண்ணம் மாதிரி குமிழா இருக்கும். தட்டையா வச்சா அழுத்தம் தாங்காம உப்பிக்கும்.

அப்புறந்தான் எங்க வீட்டுக்காரரு வருவாரு. அந்த நடையைப் பாக்கணுமே நீங்க. தோல் கோட்டு, தோல் கையுறை, மூஞ்சிய மூடுற முகமூடி, மாப்பிள்ளை அழைப்பு தோத்துரும். இரும்பும் இரும்பும் சேர்ற இடத்துல ஒரு சின்னக் குட்டை மாதிரி உருகி நிக்கும் டாக்டரம்மா. ரெண்டு ஓரமும் அந்தக் குட்டையில கரையுதான்னு கறுப்புக் கண்ணாடி வழியாப் பாத்துக்கிட்டே நகத்திக்கிட்டுப் போகணும். ஒரு அடுக்கு போட்டா மேல கசடு படியும். அதை உடைச்சு, தேச்சு, பளபளன்னு ஆக்கிட்டுத்தான் அடுத்த அடுக்கு. முடிஞ்சதும் ஜாயின்டுக்குப் பக்கத்துலயே அவரவர் நம்பரைச் சுத்தியலால அடிப்பாங்க. இவரு பதினொண்ணு. கம்பெனியில யாரும் பேரு சொல்லிக் கூப்பிடுறதில்ல, பதினொண்ணு வந்துட்டாரா, பதினொண்ணு சாப்ட்டாரான்னுதான் கேப்பாங்க.

என் வேலையா? ஜாயின்ட் மேல சிவப்பு மை அடிப்பேன். கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் துடைச்சுட்டு, வெள்ளைப் பொடி அடிப்பேன். விரிசல் இருந்தா உள்ள போன சிவப்பு அப்படியே கசிஞ்சு வெளிய வந்து காட்டிக் குடுத்துரும். நான் மஞ்சள் சாக்பீஸை எடுத்து அதைச் சுத்தி ஒரு வட்டம் போடுவேன். அவ்வளவுதான், வெட்டி எடுத்துட்டுத் திரும்பப் போடணும்.

அதோட விட்டுருவாங்களா? முழு டேங்கையும் சூளைக்குள்ள தள்ளிச் சூடாக்கி மெதுவா ஆறவிடுவாங்க. வளைச்சது, சுட்டது எல்லாத்துக்கும் இரும்பு உள்ளுக்குள்ள கறுவிக்கிட்டு இருக்குமாம், அந்தக் கோவம் எறங்கணும்ல. அவசரப்பட்டு ஆறவச்சா திரும்ப முறுக்கிக்கும். கடைசியா நெறையத் தண்ணி ஊத்தி, தாங்க வேண்டிய அளவுக்கு மேலயே அழுத்தம் குடுத்துப் பாப்பாங்க. காத்தை அடைச்சுச் சோதிச்சு அது வெடிச்சா, சோதிச்ச ஆளுங்களையும் சேத்துப் பொறுக்கணும். தண்ணின்னா பீச்சி அடிச்சுட்டு ஓஞ்சுரும்.

இல்ல இல்ல, விஷயத்துக்கு வந்துட்டேன். மணி பத்தரைதானே?

இத்தனை வருசத்துல அவரு ஜாயின்ட்ல நான் போட்ட வட்டத்தை விரல் விட்டு எண்ணிரலாம். இந்த மூணு மாசத்துல ஒம்போது. மொத வட்டம் போட்டப்ப வெல்டிங் ராடுல ஈரம்னாரு. அடுத்து, ஃபேன் காத்துன்னாரு. மூணாவதுக்கு, உன் மை பழசுடின்னாரு! வீட்ல மூணு நாளு பேச்சு வார்த்தை இல்ல. காப்பி வேணும்னாக்கூட சுவத்தைப் பாத்துச் சொல்றாரு. ஃபோர்மேன் வேற, புருசன் வெல்டிங்குல பொண்டாட்டி வட்டம் போட்டே சாக்பீஸ் தீருதுன்னு கிண்டல்.

கண்ணுதான், வேற என்ன? விளக்கைப் பாத்தா சுத்தி வளையம் தெரியுதாம், எங்கிட்ட ஒருநாள் வாய் தவறிச் சொல்லிட்டாரு. போன மாசம் பஸ் ஸ்டாப்புல வேற ஒரு அம்மா கையிலேருந்து பையை வாங்கிக்கிட்டு, வா போலாம்னு நடையைக் கட்டிட்டாரு. அந்தம்மா கத்தின கத்துல பஸ்ஸே நின்னுருச்சு. நான் பின்னாடி நின்னு வேடிக்கை பாத்தேன். ஏன் கூப்பிடலையா? கொஞ்சம் போகட்டுமேன்னுதான்.

நீங்க சொல்றது சரி, புரையாத்தான் இருக்கும். எடுத்துட்டாப் போச்சு. அது உங்களுக்கும் எனக்கும் தெரியுது. நெருப்பைக் கையில வச்சு வெளையாடுற ஆளு டாக்டரம்மா, கண்ணுல சொட்டு மருந்து விட வந்தா தலகாணியால மூஞ்சிய மூடிக்கிறாரு. ஆபரேசன்னு நான் ஆரம்பிச்சாலே செருப்பை மாட்டிக்கிட்டுக் கெளம்பிருவாரு.

எதுக்கு இவ்வளவும் சொல்றேன்னா, வர்ற திங்கக்கிழமை ஒரு ஆவி டேங்குல குழாய் மாட்டுறதுக்குக் கழுத்து வைக்கிற வேலை அவருக்குத்தான் போட்டிருக்கு. கழுத்தும் டேங்கும் சேர்ற அந்த மூலையில, ஜாயின்டுக்கு உள்ள பாக்குற எக்ஸ்ரே எடுக்க வசதிப்படாது. என் சிவப்பு மையும் மேல வாயத் தொறந்திருக்கிற விரிசலைத்தான் காட்டும். அடியில ஒட்டுச்சா ஒட்டலையான்னு போடுறப்பவே பாக்குறவன் கண்ணுக்கு மட்டுந்தான் தெரியும். தண்ணி டெஸ்டுல அன்னிக்குத் தாங்கிரும், ஒரு வருசம் கழிச்சுக் காட்டும். அது போற எடம் ஒரு சலவை ஆலை. அதுக்குப் பக்கத்துலயே நாள் பூரா முப்பது பொம்பளைங்க நின்னு இஸ்திரி போடுவாங்களாம்.

அதனால, பாஸ் போட்டுறாதீங்க.

ஆமா, காது நல்லாத்தான் கேட்டுச்சு உங்களுக்கு. ஃபெயில் போடுங்க. உங்க கையெழுத்து இருந்தாத்தான் அவரை வெல்டிங்லேருந்து எறக்க முடியும். ஃபோர்மேன்கிட்டப் பேசிட்டேன். கண்ணு சரியாகுற வரைக்கும் உருளை மெஷின்ல நிக்கட்டும், பதினொண்ணை வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிருக்காரு. புரையை எடுத்துட்டு வந்து சுத்தியலை எடுத்து அவரே தன் நம்பரை அடிச்சுக்கட்டும்.

இல்ல, நீங்க நினைக்கிற மாதிரி சுலபமாத் தெரியாது. சுவத்துல மாட்டியிருக்கிற உங்க நம்பர் அட்டையை அவரு தடுமாறாம படிச்சுருவாரு. போன வருசம், கண்ணு லேசா மங்க ஆரம்பிச்சப்பவே, நர்ஸம்மா அந்தப் பக்கம் திரும்புன நேரமாப் பாத்து, போன்ல படம் பிடிச்சுக்கிட்டு வந்துட்டாரு கள்ளன். ஆனா படத்துல அந்த நம்பருங்க அவருக்கே தெரியல! வேற வழியில்லாம சுவத்துகிட்டப் பேசுறதை விட்டுட்டு, எங்கிட்ட வந்து, நீ படிச்சுக் காட்டுடி, நான் மனப்பாடம் பண்ணிக்கிறேன்னாரு. ஒரு வாரமா பல்லு வெளக்கும்போதும் ஒப்பிக்கிறாரு.

எல்லா வரியையும் ஒழுங்காத்தான் படிச்சுக் காட்டுனேன். கடைசி வரியை மட்டும் நீங்க கொஞ்சம் கவனிச்சுக் கேளுங்க. அட்டையில இருக்கிறதுக்கும் அவரு சொல்றதுக்கும் சம்பந்தமே இருக்காது. நாளு, மாசம், வருசம்னு வரிசையா வரும். எங்க கல்யாணத் தேதி. இருபத்தாறு வருசத்துல இப்பத்தான் அந்த மனுசனுக்கு மனப்பாடம் ஆகியிருக்கு.