பதினெட்டாம் அட்டையில் மாமியார்

அவைக்கு அழகு சேர்த்து அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! நூல்களைத் தூசு தட்டித் துணை நின்று காத்துவரும் நூலகர் அம்மையார் அவர்களே! எனக்கு முன் பேசி, எனக்கு வரவேண்டிய கைதட்டலையும் சேர்த்து அள்ளிக்கொண்ட பல் மருத்துவர் அவர்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! வேலை முடிந்த கையோடு விரைந்து வந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் இளையோர்களே! எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

கதை எழுதும் முன் திட்டம் தேவையா? இதுதான் இன்றைய கேள்வி. தேவையே இல்லை, எழுத உட்கார்ந்தால் கதை தானே வழி காட்டும் என்றார் மருத்துவர். ஐயா, ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. பல்லையும் இப்படித்தான் பிடுங்குகிறீர்களா? முதலில் வாயைத் திறக்கட்டும், எந்தப் பல் என்பதைப் போகப் போகப் பார்த்துக்கொள்ளலாம் என்றா? சிரிக்காதீர்கள் தாய்மார்களே, நாளைக்கு நானே அவரிடம் போய் வாயைத் திறக்க வேண்டியிருக்கும்!

நான் திட்டக் கட்சி. மூக்குக்கண்ணாடிக் கடையில் அளவெடுப்பவள். அளவு ஒரு மயிரிழை பிசகினாலும் மறுநாளே தலைவலி என்று வந்து நிற்பார்கள். அளந்து அளந்தே பழகிய கை, கதையை மட்டும் அளக்காமல் விடுமா? என் முதல் நாவலுக்கு இருபத்துநான்கு அட்டைகள் எழுதினேன், அத்தியாயத்துக்கு ஒன்று. ஒட்டிய இடம் துணி அலமாரியின் உள்கதவு. திறந்தால் என் நாவல், மூடினால் வெறும் அலமாரி.

கதை இதுதான். ஒரு மருமகளுக்கு வெளியூரில் ஆறு மாதப் பயிற்சி கிடைக்கிறது. போனால் உயர்வு, போகாவிட்டால் அதே பழைய நாற்காலி. ஆனால் வீட்டில் இருக்கிறாரே மாமியார்! முணுமுணுப்பின் முழு உருவம், பிடிவாதத்தின் பெரும் பிறவி! பதினேழு அத்தியாயம் மருமகள் தவியாய்த் தவிக்கிறாள். பதினெட்டாம் அட்டையில் நான்கே சொற்கள். "மாமியார் இறந்துவிடுகிறார். மருமகள் புறப்படுகிறாள்." எவ்வளவு வசதி பாருங்கள்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. என் கணவருக்குக் கப்பலில் வேலை, ஆகவே வீட்டில் நானும் அவருடைய தாயாரும்தான். அத்தை போர்வை எடுக்க அந்த அலமாரியைத் திறந்தார். திறந்தவர் மூடவில்லை. நான் போய்ப் பார்த்தபோது பதினெட்டாம் அட்டைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார். நானே அளவெடுத்துப் போட்ட கண்ணாடி, எழுத்து பளிச்சென்று தெரிந்திருக்கும்!

"என்னை எதுக்குடி கொல்ற?" என்றார்.

"ஐயோ அத்தை, அது நீங்க இல்ல. அது கதை."

"கதைன்னா என் முட்டிவலி எதுக்கு அவளுக்கு? நான் கதவைச் சாத்துற மாதிரியே அவளும் எதுக்கு டமால்னு சாத்துறா?"

அலமாரிக் கதவை மூடப் போனேன். அவர் விடுவதாக இல்லை.

"சரி, கொன்னுட்டுப் போ. ஒண்ணே ஒண்ணு சொல்லு. பதினேழு அட்டையும் படிச்சுட்டேன். அந்தப் பொண்ணு அழறா, புலம்புறா, சாப்பிடாம கிடக்குறா. மாமியார்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேட்டாளா?"

அன்பர்களே! கேட்கவில்லை. ஓர் அட்டையில்கூட அவள் கேட்கவில்லை. கேட்கலாமே என்று அவளைப் படைத்த எனக்கும் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை? இங்கேதான் என் குட்டு வெளிப்பட்டது. அதே அலமாரியில், என் துணிகளுக்கு அடியில், ஒரு கடிதம் கிடந்தது. எங்கள் கடையின் தலைமை அலுவலகம் எனக்கு வெளியூரில் ஆறு மாதப் பயிற்சி தருவதாக எழுதிய கடிதம். பதில் சொல்ல மிச்சம் இருந்தது நான்கே நாள்! அத்தை விடமாட்டார் என்று நானே முடிவு கட்டி, அந்த முடிவுக்காக அவர்மேல் மூன்று வாரம் கோபத்தை வளர்த்து, அந்தக் கோபத்தில்தான் அவரை அட்டையில் சாகடித்திருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்.

பின்வரிசையில் ஒரு தங்கை "பாவம்" என்கிறாள். யாரைச் சொல்கிறாய் தங்கையே, என்னையா, அத்தையையா? இரண்டு பேரும்தான் பாவம்.

கடிதத்தை எடுத்து நீட்டினேன். "அத்தை, நான் போகட்டுமா?" என்றேன். அவர் என்ன செய்வார் என்று மனத்துக்குள் முன்பே எழுதி வைத்திருந்தேன். கத்துவார், கதவைச் சாத்துவார், ஒரு வாரம் பேசமாட்டார். அவரோ கடிதத்தை இரண்டு முறை படித்தார். கட்டிலில் உட்கார்ந்தார்.

"போயிட்டு வா. ஆனா எனக்குப் பயமா இருக்குடி. சாயங்காலம் நீ செருப்பைக் கழட்டுற சத்தம் கேக்கலன்னா, நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியல."

பயம்! கோபத்துக்கு ஆறு அட்டை ஒதுக்கியிருந்தேன். பிடிவாதத்துக்கு நான்கு. சாவுக்கு ஒன்று. பயத்துக்கு ஓர் அட்டையாவது ஒதுக்கினேனா? எட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அந்த அம்மாவுக்குப் பயம் இருக்கும் என்று ஒரு நாளாவது நினைத்தேனா?

அதற்காகத் திட்டத்தைத் தூக்கி எறியச் சொல்வேனா? மாட்டேன்! திட்டம் இல்லாமல் எழுதியிருந்தால் முந்நூறு பக்கம் தாண்டி அதே பொய்யில் போய் விழுந்திருப்பேன். நான்கு சொல்லில் எழுதி வைத்ததால் அல்லவா அது ஒருவர் கண்ணில் பட்டது! ஆகவே, எழுதுகிற பிள்ளைகளே, திட்டம் போடுங்கள்! தாராளமாகப் போடுங்கள்! ஆனால் உள்கதவில் ஒட்டாதீர்கள், வெளிக்கதவில் ஒட்டுங்கள்! நீங்கள் யாரைச் சாகடிக்கப் போகிறீர்களோ அவர் வந்து படிக்கிற இடத்தில் ஒட்டுங்கள்! அவர் சண்டைக்கு வரட்டும், அவர் வாயாலேயே பேசட்டும்!

பயிற்சிக்குப் போனேன், முடித்துத் திரும்பினேன், நாவலும் வெளிவந்தது. அதில் பதினெட்டாம் அத்தியாயம் முழுக்க இரண்டு பெண்கள் ஓர் அறையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். யாரும் சாகவில்லை.

இவ்வளவு நேரம் பொறுமையாய்க் காது கொடுத்த உங்களுக்கும், மேடை தந்த நூலகத்துக்கும், என் கேலியைச் சிரித்தபடி தாங்கிக்கொண்ட மருத்துவருக்கும் மனமார்ந்த நன்றி. மணி ஏழாகப் போகிறது. வழக்கமாக ஆறுக்கெல்லாம் வீட்டில் இருப்பேன். இந்நேரம் ஒருவர் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு வாசலையே கவனித்துக்கொண்டிருப்பார். நான் போய்ச் செருப்பைக் கழட்ட வேண்டும். வருகிறேன், வணக்கம்!