புலவர் கேட்ட அட்டையும் நான் காட்டிய அட்டையும்

கொடைக்கானல், 16-10-1961, திங்கட்கிழமை, பகல் இரண்டு மணி. புகார் செய்யப்பட்ட நபர் போலீஸ் நிலையத்தில் வாயால் சொல்ல, ஏட்டு எழுதிக்கொண்டது.

என் பெயர் சேனாதிபதி. தகப்பனார் பெயர் பொன்னுச்சாமி. வயது முப்பத்தாறு இருக்கும். சொந்த ஊர் மேல்மலையில் பூண்டி. தற்போது கொடைக்கானலில் ஏரிக்குக் கீழ்ப்புறம் என் மனைவி வேலுத்தாயுடன் குடியிருக்கிறேன். வெளியூரிலிருந்து வருகிறவர்களைச் சோலைக்காட்டுக்குள் கூட்டிப்போய், பார்க்க வேண்டியதைக் காட்டி, வெளியே கொண்டுவந்து விடுவது என் தொழில். ஒன்பது வருடமாக இதைச் செய்கிறேன். என்னோடு உள்ளே போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்திருக்கிறார்கள். என் பேரில் இதற்கு முன் வழக்கு எதுவும் கிடையாது.

இந்த வருடம் முதல் காட்டுக்குள் ஆள் கூட்டிப்போகிறவன் கார்டு வைத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நானும் மனுக் கொடுத்து, போட்டோ பிடித்துக் கொடுத்துள்ளேன். வருகிற வெள்ளிக்கிழமை கார்டு கொடுக்கிறார்கள். போலீசில் பேர் இருந்தால் கார்டு கிடையாது. கார்டு இல்லையென்றால் நான் பூண்டிக்குத் திரும்பி என் மச்சினன் மலைச்சாமியின் தோட்டத்தில் பூண்டு உரிக்க வேண்டும். முன்பு மூன்று வருடம் உரித்திருக்கிறேன். பூண்டு வாடையைப் பொறுத்துக்கொள்ளலாம், மச்சினன் வாயைப் பொறுக்க முடியாது. இதைச் சேர்த்து எழுதும்படி நான் கேட்டுக்கொண்டதால் ஏட்டு ஐயா எழுதியுள்ளார்.

கடந்த சனிக்கிழமை காலை எட்டு மணி சுமாருக்கு நான் பஸ் நிற்கும் இடத்தில் நின்றுகொண்டிருந்தபோது, பழனியைச் சேர்ந்த, தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற திருமலைச்சாமிப் புலவரும் அவர் சம்சாரம் விசாலாட்சி அம்மாளும் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். புலவர் வலது கையில் தடியும் இடது கையில் அம்மாளின் தோளும் பிடித்திருந்தார். இரண்டு காலும் வீங்கியிருந்தது. நான் போய், "குட்மார்னிங் சார், பாரஸ்ட் பாக்கணுங்களா?" என்று கேட்டேன். அதற்கு அவர், "தமிழில் கேள், வருகிறேன். ஆங்கிலத்தில் கேட்டால் அடுத்த பேருந்தில் ஊருக்குப் போய்விடுவேன்" என்றார். அது முதல் நான் நாக்கைக் கட்டிப்போட்டுக்கொண்டுதான் பேசினேன்.

அதன் பின்னர் வாடகைக் காரில் பேரிஜம் பாதையில் போய், சோலை ஆரம்பிக்கிற இடத்தில் இறங்கினோம். மூன்று நாள் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்த சமயம். அங்கே புலவர் நின்றுகொண்டு, "உன்னிடம் அட்டை இருக்கிறதா?" என்று கேட்டார்.

இவ்விடத்தில் ஏட்டு ஐயா கேட்டதன்பேரில் சொல்வது என்னவென்றால், கார்டை எங்கள் ஊரில் எல்லாரும் கார்டு என்றுதான் சொல்வார்கள். மனு வாங்கிய கிளார்க்கும் கார்டு என்றுதான் சொன்னார். அட்டை என்றால் எங்களுக்கு ஒன்று நோட்டுப் புத்தகத்தின் மேல் அட்டை, இன்னொன்று காலில் ஏறி ரத்தம் குடிக்கிற அட்டை. மழை விட்ட காட்டு வாசலில் நின்றுகொண்டு கேட்டால் எவனும் நோட்டுப் புத்தகத்தை நினைக்க மாட்டான்.

ஆகவே நான், "வேணுங்கிற மட்டும் இருக்குதுங்க ஐயா" என்றேன்.

"அரசாங்க அட்டைதானே?" என்றார்.

"காடே கவர்மெண்டு காடுதானுங்களே. அதுல உள்ளதெல்லாம் கவர்மெண்டுதானுங்க."

"ஆண்டுதோறும் புதுப்பிக்கிறாயா?"

"ஒவ்வொரு மழைக்கும் புதுசுதானுங்க."

"எடுத்துக் காட்டு."

"இங்கன வேண்டாங்க, உள்ள வாங்க காட்டுறேன். கையில வச்சுக்கிட்டுத் திரிய முடியாதுங்க, ஒட்டிக்கும்."

புலவர் திருப்தியாகத் தலையாட்டி, "நல்லது. அட்டை இல்லாதவனோடு நான் உள்ளே வருவதில்லை" என்றார். வத்தலக்குண்டில் ஒரு வைத்தியர் கால் வீக்கத்துக்கு அட்டை விடுவார். அவருக்கு நானே இரண்டு தடவை பாட்டிலில் பிடித்துக்கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். புலவரின் காலைப் பார்த்ததும், இவர் அதற்காகத்தான் மலை ஏறி வந்திருக்கிறார் என்று முடிவு செய்தேன். அம்மாள் அட்டை கேட்கவில்லை. ஆகவே அவர்களுக்கு மட்டும் அட்டை ஏறாமல் இருக்கக் காலில் தேய்த்துக்கொள்ளப் புகையிலைத் தூள் கொடுத்தேன்.

அதன் பின்னர் உள்ளே போய் நான் காட்டியவை: பாசி போர்த்திய மரங்கள், மரத்தின் மேலேயே வேர் விட்டுப் பூத்திருந்த வெள்ளைப் பூ, கருமந்தி நாலு, மலையணில் ஒன்று, ஆள் உயரத்துக்குக் குடை பிடித்தாற்போல் நிற்கிற பெரணிச் செடி, குடித்தால் பல் கூசுகிற ஊற்றுத் தண்ணீர். காட்டு மாட்டின் சாணத்தையும் காட்டினேன், சூடு ஆறாமல் இருந்தது. மாடு வரவில்லை. அதற்கு நான் பொறுப்பல்ல.

புலவர் தான் பார்க்க வேண்டியதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். அதில் முதலாவது குறிஞ்சிப் பூ. "அது அம்பத்தெட்டுல பூத்து முடிஞ்சிருச்சுங்க. இனி எழுபதுல வாங்க" என்றேன். அதற்கு என்னை ஒரு பார்வை பார்த்தார். பூக்காததையும் புகாரில் என் பேரில் எழுதியிருப்பதாகத் தெரிகிறது. இரண்டாவது மயில். மயில் பார்க்க வேண்டுமென்றால் நாங்கள் பழனிக்குப் போவோம். பழனிக்காரர் மயில் பார்க்க இவ்வளவு தூரம் மலை ஏறி வந்தால் நான் என்ன செய்வது? எனக்கு அப்போது கோபம் வந்தது உண்மை. ஆனாலும் வெளியே காட்டவில்லை.

அதன் பின்னர் புலவர் கால் குடைகிறது என்று சொன்னதால், அட்டைக்கு இதுதான் நேரம் என்று கருதி, ஓடை ஓரம் ஈரம் சொட்டுகிற இடத்தில் விழுந்து கிடந்த மரத்தில் அவரை உட்காரவைத்தேன். வலது காலை மரத்தின் மேல் நீட்டிக்கொண்டு இடது காலை மட்டும் சருகில் ஊன்றியிருந்தார். "அசையாம இருங்க ஐயா, அதுவா வரும்" என்றேன். விலங்கு ஏதோ வரப்போகிறது என்று நினைத்தார் போலும். மிகவும் சந்தோஷப்பட்டு, குரலைத் தாழ்த்தி, "அருகில் வருமா?" என்றார். "மேலயே ஏறுங்க" என்றேன். அரை மணி நேரம் மூச்சுக்கூடச் சத்தமில்லாமல் இருந்தார். அப்படி ஒரு பொறுமையான ஆளை நான் கூட்டிவந்ததே இல்லை.

அதன் பின்னர் அவர் தற்செயலாகக் குனிந்து பார்க்க, வேட்டி முழங்காலுக்குக் கீழே சிவந்திருந்தது. தூக்கிப் பார்த்தார். இடது காலில் மட்டும் பதினான்கு இருந்தன. நான், "நல்லாக் குடிச்சிருக்குங்க, கெட்ட ரத்தம் பூராம் போயிருக்கும்" என்று சொன்னேன். சந்தோஷத்தில் சிரித்தேன். கேலியாகச் சிரித்தேன் என்று புகாரில் இருப்பது தவறு. புலவர் வாயிலிருந்து தமிழும் வரவில்லை, இங்கிலீசும் வரவில்லை. எழுந்து ரோட்டைப் பார்த்து ஓடினார். நான் பின்னால் ஓடியும் பிடிக்க முடியவில்லை. விசாலாட்சி அம்மாள் நின்ற இடத்திலேயே நின்று, "நாலு வருசமா தடி இல்லாம கக்கூசுக்குப் போகாத மனுசன் ஓடுறாரு பாருங்க" என்று சொன்னார்கள். பிறகு ரோட்டில் வைத்து, வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பு எடுத்துத் தடவிப் பதினான்கையும் அவர்களே விழவைத்தார்கள். புலவர் விட்டுப்போன தடியை நான் எடுத்துவந்து இப்போது நிலையத்தில் ஒப்படைத்துள்ளேன்.

அன்று மாலையே புலவர், அட்டை இருப்பதாகப் பொய் சொல்லிக் கூட்டிப்போய் ரத்தக்காயம் உண்டாக்கியதாக எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளைப் படித்துக் காட்டிய பிறகுதான் அவர் கேட்டது கார்டு என்பது எனக்கு விளங்கியது. நான் அழுதுவிட்டேன். "புத்தியுள்ளவன் எவனாவது இப்படி மாத்தி நெனைப்பானாலே?" என்று ஏட்டு ஐயா சத்தம் போட்டார்.

இன்று காலை இடத்தைப் பார்வையிடுவதற்காக ஏட்டு ஐயா என்னைச் சோலைக்குக் கூட்டிப்போனார். அரைக்கால் சட்டையும் செருப்பும் போட்டிருந்தார். காட்டு வாசலில் நின்று, "ஏலே, அட்டை இருக்கா?" என்று கேட்டார். இனி அந்தத் தப்பைச் செய்யக் கூடாது என்று நான் வைராக்கியமாக இருந்ததால், "இல்லீங்க ஐயா. சத்தியமா எங்கிட்ட இல்லீங்க" என்று பதில் சொன்னேன். அவர் உள்ளே போய், மரத்தையும் ஓடையையும் அளந்து, வரைபடம் எழுதிக்கொண்டார். பிறகு திரும்பினோம்.

அதன் பின்னர் பகல் இரண்டு மணி முதல் இந்த வாக்குமூலம் எழுதப்பட்டது. புலவரும் அம்மாளும் எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஆறாம் பக்கம் எழுதும்போது ஏட்டு ஐயா முழங்காலைச் சொறிந்த கையைத் தாளில் வைக்க, தாள் சிவந்தது. குனிந்து பார்த்து, "ஏலே, காட்டுல அட்டை இல்லைன்னுதானே சொன்னே?" என்றார். "ஐயா கார்டைக் கேட்டீங்கன்னுல்ல நெனைச்சேன்" என்றேன்.

அப்போது புலவர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுவே முதல் தடவை. "சிலேடையை முப்பது ஆண்டுகள் வகுப்பில் நடத்தினேன், ஏட்டையா. ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் என்று நானே சொல்லிக்கொடுத்துவிட்டு, நானே போய் மாட்டிக்கொண்டேன். அந்தத் தாளைக் கொடுங்கள்" என்று புகாரை வாங்கி, வாபஸ் என்று எழுதாமல், திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுந்து வந்து எழுதும்போது தடி நிலையத்து மூலையில்தான் இருந்தது. இடது காலில் வீக்கம் வற்றியிருந்ததை எல்லாரும் பார்த்தோம்.

அதன் பின்னர் விசாலாட்சி அம்மாள் என் பக்கத்தில் வந்து, "வெள்ளிக்கிழமை உங்க கார்டு வந்ததும், சனிக்கிழமை வெள்ளனே இவரைக் கூட்டிட்டுப் போங்க. வலது காலு அப்படியேதான் கெடக்கு" என்றார்கள். நான் சரி என்றேன்.

இதில் அட்டை என்று வருகிற ஒவ்வொரு இடத்திலும் அது எந்த அட்டை என்று கேட்டு எழுதி, எனக்குப் படித்துக் காட்டினார்கள். எல்லாம் சரியாகவும் நடந்தபடியாகவும் இருக்கிறது. ஆறாம் பக்கத்தில் உள்ள ரத்தம் ஏட்டு ஐயாவுடையது. என்னை யாரும் அடிக்கவில்லை.

(ஒப்பம்) பொ. சேனாதிபதி