மேல் ஏரி மீனின் பெயர்

— லேப்டாப்ப மூடுங்க மொதல்ல. கட்டுரைய அனுப்பிட்டீங்களா, இல்லையா?

— இன்னும் இல்ல. உன்கிட்ட சொல்லாம அனுப்புவேனா?

— சொல்லாம ரெண்டு வருஷம் மீன் வளத்தீங்களே! அதுவும் நான் வேலை செஞ்ச அதே லேப்ல. அப்ப என் நெனப்பு வரலியா?

— கத்தாத. வெளியில என் லேப் பசங்க நிக்கிறாங்க.

— கேக்கட்டும். மேல் ஏரி மீன் தனி இனம்னு பதினோரு வருஷத்துக்கு முன்னாடி எழுதினவ நான். அது தனி இனமே இல்லைன்னு எழுதறது யாரு? கட்டின புருஷன்!

— நான் எங்க சொல்றேன், மீனே சொல்லுது. மேல் ஏரி மீனுக்கு வால்ல வரி இருக்கு, கீழ் ஏரி மீனுக்கு இல்ல. சரி. ஆனா ரெண்டையும் ஒண்ணா விட்டா குஞ்சு பொரிக்குது. அந்தக் குஞ்சும் வளந்து முட்டை போடுது. மூணு தொட்டியிலயும் பேரன் பேத்தி எடுத்தாச்சு.

— நம்ம வீட்டுல அந்த வார்த்தையச் சொல்ல உங்களுக்கு நாக்கு கூசல?

— தப்புதான். வாய் தவறிடுச்சு.

— தொட்டியில சேந்தா ஆச்சா? கூண்டுல அடைச்சா சிங்கமும் புலியும்கூடத்தான் சேருது. அதுக்காக ரெண்டும் ஒண்ணா?

— ஏரியிலயும் வலை போட்டுப் பாத்துட்டேன். வெள்ளத்துல நடுப்பாறை உடைஞ்சுதே, அங்க பாதி வரியோட நூத்துக்கணக்குல திரியுது. பாறை சரிஞ்சு ஏரி ரெண்டானதுலேருந்து ரெண்டும் வேற வேறயா மாறிக்கிட்டு வந்தது நிஜம். இன்னும் பல்லாயிரம் வருஷம் அப்படியே கெடந்திருந்தா, ஒண்ண இன்னொண்ணு ஏறெடுத்தும் பாத்திருக்காது. அதுக்குள்ள தண்ணி வழி விட்டுடுச்சு.

— எனக்கே பாடம் எடுக்கறீங்களா? இனம் போனா பேரும் போகும். அது யார் பேருன்னு ஞாபகம் இருக்கா?

— அவளுக்கு நானும் அப்பன்தான்!

— அப்பனாம் அப்பன்! உலகத்துல எந்த மூலையில மீன் பட்டியல் எடுத்தாலும் நம்ம குட்டி பேரு இருக்கு. அஞ்சு வயசுல போனவளுக்கு என்னால குடுக்க முடிஞ்சது அது ஒண்ணுதான். அதையும் ஒரு கோடு போட்டு அடிக்க உங்களுக்கு எப்படிங்க கை வந்துச்சு?

— இல்லாத ஒண்ணுமேல அவ பேரு ஒட்டிக்கிட்டு இருக்க வேணாம். அவ்வளவுதான்.

— அப்ப நான் பொய் எழுதினேங்கறீங்க?

— ஐயோ, உன்ன யாரு சொன்னா! எனக்குப் புரியாதது ஒண்ணே ஒண்ணுதான். நீயும் அப்ப ரெண்டையும் ஒண்ணா விட்டுத்தான் பாத்த. அதே தொட்டி, அதே சூடு, அதே தீனி. ஆறு மாசமா ஒரு முட்டைகூட இல்லைன்னு உன் நோட்டுல இருக்கு. மீனுக்கு ஏதோ நோய் இருந்திருக்கும்னு எழுதியிருக்கேன். உன்மேல பழி வராது.

— அந்த வாக்கியத்த எடுத்துடுங்க.

— ஏன்?

— நோயும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நாப்பதாவது நாளே பொரிச்சிடுச்சு. அவளப் புதைச்சு அன்னிக்கு ஒம்பது நாள். குஞ்சு அத்தனையையும் நான்தான் வாரி சாக்கடையில ஊத்தினேன்.