தூணில் இரண்டு தட்டு

நடுவில் எவனாவது சிரித்தால் எழுந்து போய்விடுவேன், சொல்லிவிட்டேன். இது என் கூட்டாளியின் சித்தப்பாவுக்கு நடந்தது.

இரவு எட்டு மணி. ஈ காக்கை இல்லாத சாலை. அதன் கோடியில் பழைய சந்தைக் கூடம்... நூறு வருடத்துக் கட்டடம். இரும்புத் தூண்கள். மீன் வாடை, ஈரச் சாக்கு வாடை. விடிந்தால் இடிக்கப்போகிறார்கள். சித்தப்பாதான் அங்கே காவல்காரர்.

பூட்டுவதற்கு முன் அவர் மணி அடிப்பார். உள்ளே யாராவது இருந்தால் தூணில் இரண்டு தட்டு தட்ட வேண்டும். 'இருக்கேன், பூட்டாதே' என்று அர்த்தம். சித்தியின் அண்ணன் அங்கே கத்திக்குச் சாணை பிடிப்பவர். இவர்கள் வீட்டிலேயே இருந்தார். காது சுத்தமாகக் கேட்காது. தூணில் முதுகைச் சாய்த்துத்தான் உட்காருவார். மணி அடித்தால் இரும்பு அதிரும், தெரிந்துகொள்வார்.

அன்று மத்தியானமே மணியைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். ஒப்பந்தக்காரர் வேறு அவசரப்படுத்தினார். சித்தப்பா வாயால் கத்தினார்.

"பூட்டப் போறேன்... உள்ள யாரு?"

சத்தமே இல்லை. பூட்டினார். 'உள்ளே ஆள் இல்லை' என்று கையெழுத்தும் போட்டார். பாவி மனிதர்!

விடிந்ததும் சித்தி சொன்னாள்: "அண்ணன் ராத்திரி வரவே இல்லீங்க."

அப்போதுதான் அவருக்கு மணி நினைவுக்கு வந்தது. ஓடினார். கூரை பாதி இறங்கியிருந்தது. பிறகு எவ்வளவு தேடியும் ஒரு துணிகூடக் கிடைக்கவில்லை.

"ஆள் இல்லைன்னு நீங்கதானே ஐயா கையெழுத்துப் போட்டீங்க?" என்றார் அதிகாரி.

இப்போது அங்கே கார் நிறுத்துமிடம். அதற்கும் சித்தப்பாதான் காவல். தினமும் எட்டு மணிக்கு ஒரு சிமென்ட் தூணுக்குள்ளிருந்து... டொக். டொக். தோண்டச் சொல்லி அவர் கால் பிடிக்காத ஆள் இல்லை. பழைய சாவி இன்னும் அவர் இடுப்பில் இருக்கிறது. திறக்கக் கதவுதான் இல்லை. சித்தியோ, அண்ணன் வருவார் என்று வீட்டுக் கதவைப் பூட்டுவதே கிடையாது.

போன வாரம், காலையில் காய் நறுக்கச் சித்தி கத்தியை எடுத்தாள். தொட்டதுமே விரல் வெட்டிக்கொண்டது. வீட்டிலிருந்த அத்தனை கத்தியும், கத்தரிக்கோலும்கூட... புதுசாகச் சாணை பிடித்திருந்தது. சமையலறை முழுக்கச் சுட்ட இரும்பு வாடை.

அன்று எட்டு மணிக்குச் சித்தப்பா அந்தத் தூணில் கை வைத்து நின்றார். தட்டு வரவில்லை. அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கைப்பேசி அடித்தது. சித்திதான். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"உள்ள அண்ணன் ரூம்ல சாணை சத்தம் கேக்குதுங்க... அதான் வந்துட்டாரே, இனி வாசக் கதவைப் பூட்டிடவா?"

அவர் உள்ளங்கைக்கு அடியில்... டொக். டொக்.